பர்மிங்ஹாம் ஓரத்துக் கிராமத்தில் வீடு பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பர்மிங்ஹாம் பக்கம் வேலை கிடைத்து, நகரத்து நெரிசல் வேண்டாம், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்று தேடுகிறவர்களின் பட்டியலில் ஹேக்லி என்ற கிராமம் சீக்கிரமே வந்துவிடும். பின்னால் கிளென்ட் குன்றுகள், ஊருக்குள்ளேயே ரயில் நிலையம், நடந்து போகிற தூரத்தில் கடைகள். நல்ல ஊர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த மாதிரி ஊர்களில் மக்கள் வீட்டைப் பார்க்கிறார்கள், காட்சியைப் பார்க்கிறார்கள், கவுன்சில் (உள்ளாட்சி) எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. இங்கே பாதி விஷயங்களை முடிவு செய்வது அந்தக் கோடுதான்.

முதலில், முகவரியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஹேக்லியின் தபால் நகரம் ஸ்டவர்பிரிட்ஜ், அஞ்சல் குறியீடு டிஒய்9 என்று தொடங்கும், இணையப் படிவங்கள் பல அதை வைத்துத் தானாகவே 'வெஸ்ட் மிட்லண்ட்ஸ்' என்று நிரப்பிவிடும். ஆனால் 1974-இல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் கவுண்டியை உருவாக்கியபோது ஸ்டவர்பிரிட்ஜ் அதற்குள் போனது, ஹேக்லி வெளியே நின்றுவிட்டது. இன்று அது வுஸ்டர்ஷயரில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பெட்மோரில் எல்லாவற்றுக்கும் டட்லி கவுன்சில் ஒன்றே போதும். ஹேக்லியில் குப்பைத் தொட்டிக்கும் கட்டட அனுமதிக்கும் புரோம்ஸ்குரோவ் மாவட்ட கவுன்சில், பள்ளிக்கும் சாலைக்கும் வுஸ்டர்ஷயர் கவுண்டி கவுன்சில், இவற்றுக்கும் கீழே ஊர் அளவில் ஒரு பாரிஷ் கவுன்சில். போலீஸ் கூட வேறு: அங்கே வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ், இங்கே வெஸ்ட் மெர்சியா. இந்த அடுக்குகளைக் குறைக்கப்போவதாக அரசு 2024 டிசம்பரில் அறிவித்திருக்கிறது, அதனால் சில வருடங்களில் பெயர்கள் மாறலாம்.

இன்னொன்று, பர்மிங்ஹாமில் 'ஹேக்லி ரோடு' என்று ஒரு பெரிய சாலை உண்டு. அது எட்ஜ்பாஸ்டன் பக்கம், ஃபைவ் வேஸிலிருந்து தொடங்குகிறது. வாடகை விளம்பரத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இந்த ஊர் என்று நினைக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவே பல மைல்கள் இருக்கின்றன.

பணம் உண்மையில் வீணாவது கிரீன் பெல்ட் விஷயத்தில்தான், அதாவது நகரம் பரவாமல் இருக்கக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் நிலம். இதில் இரண்டு எதிரெதிர் தவறுகள் நடக்கின்றன.

ஒன்று, ஜன்னலுக்கு வெளியே தெரியும் வயல் என்றைக்கும் வயலாகவே இருக்கும் என்று நம்பி அதற்குச் சேர்த்து விலை கொடுப்பது. பச்சையாக இருக்கிற நிலமெல்லாம் கிரீன் பெல்ட் இல்லை. ஹேக்லியைச் சுற்றிச் சில நிலங்களைப் பிற்காலத் தேவைக்கென்று முன்பே கிரீன் பெல்ட்டிலிருந்து எடுத்து ஒதுக்கி வைத்திருந்தார்கள், கிட்டர்மின்ஸ்டர் ரோட்டை ஒட்டி அப்படித்தான் புது வீடுகள் எழுந்தன. கிரீன் பெல்ட் நிலமே ஆனாலும், எங்கே என்ன கட்டலாம் என்று கவுன்சில் போடும் உள்ளூர்த் திட்டத்தைத் திருத்தும்போது அதை விடுவிக்கலாம். 2024 டிசம்பரில் வந்த தேசியத் திட்டக் கொள்கை 'கிரே பெல்ட்' என்று, கிரீன் பெல்ட்டுக்குள்ளேயே அதன் நோக்கத்துக்கு அதிகம் உதவாத நிலத்துக்கு ஒரு புது வகையையும் கொண்டுவந்து அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டது. வக்கீல் கவுன்சில் பதிவுகளில் செய்கிற தேடல் (லோக்கல் சர்ச்) நீங்கள் வாங்கும் மனையைப் பற்றித்தான் சொல்லும், பக்கத்து வயலுக்கு யார் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லாது. புரோம்ஸ்குரோவ் கவுன்சிலின் இணையதளத்தில் உட்கார்ந்து நீங்களேதான் தேட வேண்டும்.

இரண்டாவது, வாங்கிய பிறகு பின்னால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு சின்ன வீட்டை வாங்குவது. ஊரின் நடுப்பகுதி கிரீன் பெல்ட்டுக்கு வெளியே இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஓரத்தில் அல்லது கிளென்ட் பக்கம் வாங்கினால் கதை வேறு. புரோம்ஸ்குரோவ் 2017-இல் ஏற்றுக்கொண்ட திட்டப்படி, கிரீன் பெல்ட்டில் இருக்கும் வீட்டை அதன் மூல அளவுக்கு மேல் 40 சதவீதம் வரைதான் பெரிதாக்கலாம், அல்லது பழையதும் புதியதும் சேர்த்து மொத்தம் 140 சதுர மீட்டர் வரை. பலர் கவனிக்காமல் விடுவது அந்த 'மூல' என்ற சொல்லை. 1948 ஜூலை 1 அன்று வீடு எப்படி இருந்ததோ, அதற்குப் பிறகு கட்டியதென்றால் முதலில் எப்படிக் கட்டினார்களோ, அதுதான் மூல அளவு. உதாரணத்துக்கு, மூல வீடு 110 சதுர மீட்டர் என்றால் உங்கள் உச்சவரம்பு 44. முந்தைய உரிமையாளர் எப்போதோ சமையலறையை 15 சதுர மீட்டரும் பக்கவாட்டில் ஓர் அறையை 25 சதுர மீட்டரும் கூட்டியிருந்தால் உங்களுக்கு மிச்சம் 4 சதுர மீட்டர், ஒரு கழிப்பறைக்குச் சரியாக இருக்கும். அனுமதியே கேட்காமல் கட்டக்கூடிய சின்ன வேலைகளுக்குத் தனி விதி இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி விலை பேசுவதற்கு முன் பழைய விண்ணப்பங்களை எல்லாம் எடுத்துப் படித்துவிடுங்கள்.

அப்புறம் பள்ளி. ஹேபிரிட்ஜ் உயர்நிலைப் பள்ளிக்காகவே ஹேக்லிக்கு வருகிறவர்கள் நிறைய. 'அதே புரோம்ஸ்குரோவ் மாவட்டம்தானே, கொஞ்சம் தள்ளி பார்ண்ட் கிரீனில் வாங்கலாம்' என்று நினைத்தால் அங்கே பள்ளி அமைப்பே வேறு: 9 வயது வரை ஒரு பள்ளி, 13 வரை மிடில் ஸ்கூல், அதன் பிறகு ஹைஸ்கூல். ஹேக்லியிலோ பெரும்பாலான இங்கிலாந்து போல 11 வயதில் ஒரே மாற்றம். விண்ணப்பத்தையும் பள்ளி இருக்கிற கவுன்சிலுக்கு அனுப்பக்கூடாது, நீங்கள் குடியிருக்கிற கவுன்சிலுக்குத்தான் போட வேண்டும். அதாவது பெட்மோரில் இருந்துகொண்டு ஹேபிரிட்ஜ் கேட்டாலும் டட்லி வழியாகத்தான், உயர்நிலைக்கு அக்டோபர் 31-க்குள், தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15-க்குள். வேறு கவுன்சில் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் பின்னுக்குத் தள்ளக்கூடாது என்று 1989-லேயே நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் கேட்ச்மென்ட் (பள்ளி முன்னுரிமை தரும் சுற்றுப்பகுதி), தூரம் என்ற விதிகள் அப்படியே இருக்கின்றன, அதனால் வீட்டு ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு, அந்த வருடத்துச் சேர்க்கை விதியை வாங்கிப் படியுங்கள்.

ரயில் இருக்கிறது என்றதும் எல்லா இடத்துக்கும் வசதி என்று எண்ணிவிட வேண்டாம். ஹேக்லி ரயில்கள் வழக்கமாக பர்மிங்ஹாமின் ஸ்னோ ஹில், மூர் ஸ்ட்ரீட் நிலையங்கள் பக்கம்தான் போகின்றன, நகரின் பெரிய நிலையமான நியூ ஸ்ட்ரீட்டுக்கு அல்ல. நகர மையத்தில் அலுவலகம் என்றால் அருமை. குயின் எலிசபெத் மருத்துவமனையில் வேலை பார்க்கிற டாக்டர், நர்ஸ் என்றால், யுனிவர்சிட்டி நிலையத்துக்கு வேறு பாதையில் மாறிப் போக வேண்டும். நைட் டியூட்டி முடிந்து களைப்பாகத் திரும்பும்போது அது பெரிய தொல்லை. அவர்களில் பலர் கடைசியில் காரில்தான் போவார்கள்.

அந்தக் கார்கள் எல்லாம் போகிற சாலையும் ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. ஏ456, ஏ491 என்ற இரண்டு பெரிய சாலைகளும் ஹேக்லியில் சந்திக்கின்றன. கிராமம் என்றால் சுத்தமான காற்று என்று நினைப்போம், ஆனால் கிட்டர்மின்ஸ்டர் ரோட்டில் நைட்ரஜன் டை ஆக்ஸைடு அளவுக்காகக் காற்றுத் தரக் கண்காணிப்புப் பகுதியே அறிவித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்க்கப் போனால் இது எதுவும் கண்ணில் படாது. பள்ளி நாளில் காலை எட்டு மணிக்கு வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், அங்கிருந்தே ரயில் நிலையத்துக்கு நடந்தும் பாருங்கள்.