ஏலத்தில் பழைய தங்கக் கைக்கடிகாரம் எடுப்பதற்கு முன்

பழைய கைக்கடிகாரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். ஏலத்தில் எடுத்த தங்கக் கடிகாரத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது கூட்டை, அதாவது இயந்திரத்தைச் சுற்றியிருக்கும் தங்க உறையை. தேய்ந்த சக்கரத்தை மாற்றிவிடலாம். பாலிஷில் போன தங்கம் திரும்ப வராது.

18 காரட் தங்கம் எஃகைவிட மிருதுவானது. ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் கரையும். முதலில் மழுங்குவது வார் மாட்டும் நான்கு முனைகள்தான். அவற்றைப் பக்கவாட்டில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். நான்கும் ஒரே தடிமனில் இருக்கின்றனவா, ஓரங்கள் கூர்மையாக நிற்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சோப்புக்கட்டி போல வழவழவென்று உருண்டிருந்தால் எவ்வளவு மின்னினாலும் நான் ஒதுக்கிவிடுவேன். சின்னக் கீறல்களோடு, ஓரம் கெடாமல் இருக்கும் கூடுதான் எனக்குப் பிடித்தது.

அடுத்து முத்திரை. 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14. சுவிஸ் 18 காரட் கூட்டில் பழைய காலத்தில், சுவிட்சர்லாந்தின் உருவகமான ஹெல்வீஷியா என்ற பெண்ணின் தலை இருக்கும். 1995 முதல் செயின்ட் பெர்னார்டு நாயின் தலை. முத்திரை பாதி அழிந்திருந்தால் அதுவும் பாலிஷின் வேலையாக இருக்கலாம். ஓர் எண்ணோடு ‘மைக்ரான்’ என்று பொறித்திருந்தால் அது தங்க முலாம். தங்க விலைக்குக் கேட்காதீர்கள்.

முகப்பையும் விடக் கூடாது. அதன் கீழ் ஓரத்தில் ‘டி ஸ்விஸ் டி’ (T SWISS T) என்றிருந்தால் ஒளிப்பூச்சில் ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது என்று அர்த்தம். அதன் வீரியம் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். எனவே 1970-களின் கடிகாரம் இன்று இருட்டில் நெடுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால், பூச்சு பிற்காலத்தது. அது குற்றமில்லை, ஆனால் விவரத்தில் ‘அசல் முகப்பு’ என்று போட்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

பின்மூடியைத் திறந்து எடுத்த படம் இல்லாமல் நான் விலை கேட்கச் சொல்வதே இல்லை. கூட்டின் எண், இயந்திரத்தின் எண் இரண்டும் தெரிய வேண்டும். பட்டேக் பிலிப் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவேட்டிலிருந்து சான்று தருகின்றன. அதோடு இந்த எண்களை ஒப்பிடலாம். ரோலெக்ஸ் அப்படித் தருவதில்லை. அங்கே கூட்டையும் முகப்பையும் நம் கண்ணால்தான் எடைபோட வேண்டும்.

விலைக்கு வருவோம். சுத்தியல் விழும் தொகையோடு ஏல நிறுவனத்தின் கமிஷனும் வரியும் சேரும். கமிஷன் 25 சதவீதம் என்றால் 100 என்று கேட்டது 125 ஆகிவிடும். ‘ஓடுகிறது’ என்று எழுதியிருப்பதை ‘சர்வீஸ் செய்தது’ என்று படிக்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருந்தாலும் ஓடும். நீங்கள் மொத்தமாகச் செலவிட நினைக்கும் தொகையிலிருந்து கமிஷன், வரியோடு சர்வீஸ் செலவையும் கழித்து, மிஞ்சுவதையே உச்ச வரம்பாக எழுதி வையுங்கள்.

அப்புறம், வார் முதலைத் தோலாக இருந்தால், அழியும் உயிரினங்களுக்கான சைட்ஸ் விதிகள் காரணமாக, வேறு நாட்டுக்கு அனுப்பும்போது ஏல நிறுவனம் அதைக் கழற்றிவிட்டு அனுப்பக்கூடும். கொக்கி தங்கமாக இருந்தால், அது தனியாக வருமா என்று ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.