ஹிட் பயிற்சி: திணறலை வைத்துப் பலனை அளக்கும் தவறு

கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி முழு வேகம். ஹிட் என்று சொல்லப்படும் தீவிர இடைவெளிப் பயிற்சி இவ்வளவுதான். குறைந்த நேரத்தில் இதயத்தையும் நுரையீரலையும் பழக்க இது அருமையான வழி. ஆனால் இதைச் செய்பவர்கள் பலர், எவ்வளவு திணறினோம் என்பதை வைத்தே பயிற்சியை மதிப்பிடுகிறார்கள். வியர்வை கொட்டியதா, தொடை எரிந்ததா, முடிந்ததும் தரையில் சாய்ந்தோமா? சரி, நல்ல பயிற்சி! மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் கிளைக்கின்றன.

அதில் முதலாவது, ஓய்வை வெட்டுவது. சைக்கிளில் 30 நொடி முழு மூச்சாக மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க நொடிகளுக்கான சக்தியில் பெரும்பங்கு தசையில் தயாராக இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற வேதிப்பொருளிலிருந்து வருகிறது. 10 நொடி தாண்டுவதற்குள் அந்த இருப்பு வெகுவாகக் கரைந்துவிடும். அப்புறம், தசையில் சேர்த்து வைத்த சர்க்கரையை ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் உடைத்துத்தான் கால் ஓட வேண்டும். எரிச்சல் ஏறும். எவ்வளவு முக்கினாலும் கடைசி நொடிகளில் வேகம் இறங்கும். இதயத்துடிப்போ அப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் மூச்சு பலமாக வாங்குவது, உடல் அந்தச் செலவை ஈடுகட்டிக்கொண்டிருப்பதால்தான்.

இந்த ஈடுகட்டலுக்கு நேரம் வேண்டும். பாஸ்போகிரியேட்டின் ஓரளவு சீக்கிரமே திரும்பினாலும், கிட்டத்தட்ட முழுதும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழு நடத்திய ஆய்வுகளில், 30 நொடி முழுவேக மிதிப்புக்குப் பிறகு சுமார் 4 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். அதை 20 நொடியாகச் சுருக்கினால் அடுத்தடுத்த சுற்றுகளில் வேகம் சரிந்துவிடும். திணறல் கூடும், தசை செய்யும் வேலை குறையும். அடுத்த சுற்றையும் அதே வேகத்தில் செய்ய முடிந்தால்தான் ஓய்வு போதுமானது என்று அர்த்தம்.

‘டபாட்டா என்ற ஹிட் முறையில் 10 நொடிதானே ஓய்வு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜப்பானின் இசுமி டபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 20 நொடி வேலை, 10 நொடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்றுகள் இருந்தன. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் விளையாட்டில் பழகிய இளைஞர்கள். உடல் ஆக்சிஜனை உச்ச அளவில் பயன்படுத்தும் வேகத்துக்குத் தேவையானதைப் போல 1.7 மடங்கு (170 சதவீதம்) அழுத்தத்தில் மிதித்தார்கள். அதற்கு முன் 10 நிமிடம் வார்ம்-அப்பும் செய்தார்கள். நிதானமாக ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) போட்டுக்கொண்டு அதே 20-10 கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பலன் வராது. வார்ம்-அப்பை விட்டுவிட்டு ‘நாலே நிமிடப் பயிற்சி’ என்று இறங்குவதும் தவறு.

நேர் எதிரான தவறும் உண்டு. 4 நிமிட வேகம், 3 நிமிட மெதுநடை என்று நாலு சுற்று செய்யும் நார்வே முறையில், பலர் முதல் நிமிடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். அங்கே நோக்கம் இதயத்துடிப்பை உச்சத்தின் 90 சதவீதத்துக்கு மெல்ல ஏற்றி, அங்கேயே நிறுத்தி வைப்பது. 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். பலருக்கு அது பத்துத் துடிப்புக்கு மேல் பிசகும். ஓரிரு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லையென்றால் போதுமான வேகத்தில் இருக்கிறீர்கள்.

மறுநாள் வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குறை சொல்வதை இனியாவது விட்டுவிடலாம். உடலில் அது இருக்கும் வடிவமான லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். இதயமும் மூளையும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. ஓரிரு நாள் கழித்து வரும் வலி, பழகாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தோடு தொடர்புடையது. பயிற்சி முடிந்த பிறகும் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்பதில் உண்மை இருக்கிறது, அளவு சிறியது.

மனத்தைப் பற்றி ரொம்பக் குறைவாகவே பேசுகிறோம். மூச்சு கட்டுப்பாட்டை மீறும் அந்த எல்லையைத் தாண்டியதும் ஏறக்குறைய எல்லோருக்குமே உணர்வு கசக்கத் தொடங்கும். அது சோம்பலோ மனவுறுதிக் குறைவோ கிடையாது, உடலிலிருந்து மூளைக்குப் போகும் எச்சரிக்கை. முடிந்த சில நிமிடங்களில் மனநிலை தெளிந்து உற்சாகம் வருவதும் இயல்பு. புதிதாகத் தொடங்குபவர் முதல் நாளே முழு வேகத்தில் இறங்கினால் கசப்பு மட்டும் நினைவில் தங்கி, மறு வாரம் வரமாட்டார். ஒரு செயல் எப்படி முடிந்தது என்பது அதைப் பற்றிய நினைவைப் பெரிதும் வடிவமைக்கிறது. அதனால் கடைசிச் சுற்றைச் சற்றே இளக்கமாக வைப்பது நல்லது.

பதற்ற நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். படபடக்கும் நெஞ்சும் வாங்கும் மூச்சும் பீதி வரும்போது தோன்றுவதைப் போலவே இருக்கும். மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு பயத்தைக் கூட்டும். வேகத்தை வாரக்கணக்கில் மெல்ல ஏற்றினால், படபடப்பு தீங்கற்றது என்று பழகிக்கொள்ளப் பலருக்கு முடிகிறது. தூங்கப்போகும் நேரத்தை ஒட்டி மட்டும் யாரும் இதைச் செய்ய வேண்டாம், உறக்கம் தள்ளிப்போகும்.

தினமும் செய்வதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு வாரா வாரம் தீவிரப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அளவு மிஞ்சிய வாரத்தில் அவர்களுடைய மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்புகளின்) செயல்திறன் குறைந்தது, இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடும் குலைந்தது. வாரத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று முறை போதும். காலையில் எழும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா, பழகிய வேகமே கனமாகத் தெரிகிறதா? அன்றைக்கு நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடித்தவுடன் அப்படியே நிற்பதும் கூடாது. விரிந்திருக்கும் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்கி, மூளைக்குப் போகும் அளவு குறைந்து தலை சுற்றும். சில நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு உட்காருங்கள். நெஞ்சு இறுக்கமோ வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள். இதயநோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்கள், பல வருடமாக உடற்பயிற்சியே செய்யாதவர்கள் எல்லோரும் முதல் சுற்றுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.