சுவீடனுக்குப் புதிதாக வந்தோருக்கு: ஓர் அமைச்சரின் பாதை வழியே இந்த நாட்டை அறிதல்

சுவீடனுக்கு வந்து, வரி அலுவலகத்தில் குடிப்பதிவை முடித்து, ஆள் அடையாள எண்ணும் கைக்கு வந்த பிறகு, எந்தத் தேவைக்கு எந்த அலுவலகத்தை நாடுவது என்ற குழப்பம் பலருக்கும் ஏற்படுகிறது. அதை விளக்க அய்தா ஹாஜியாலிச்சின் அரசியல் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கொம்மூன் எனப்படும் உள்ளூராட்சி, நாட்டின் அரசாங்கம், பிராந்திய நிர்வாகம் ஆகிய மூன்றிலும் பொறுப்பு வகித்தவர் அவர். போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்தின் பிள்ளை என்பதால், ஈழத்திலிருந்து வந்த நம்மவர் பலருக்கு அவருடைய தொடக்கம் அந்நியமாகத் தோன்றாது.

1987இல் போஸ்னியாவின் ஃபோச்சா நகரில் பிறந்த அவர், போர் மூண்ட 1992இல், ஐந்து வயதில், பெற்றோருடன் சுவீடனுக்கு வந்து ஹால்ம்ஸ்டாட்டில் வளர்ந்தார்; பின்னர் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். ஐந்து வயதில் வரும் குழந்தைக்கு மொழி விளையாட்டோடு ஒட்டிக்கொள்ளும். முப்பதில் வருபவர் அதைத் தேடிப் போக வேண்டும். ஆகவே குடிப்பதிவு முடிந்தவுடன் உங்கள் கொம்மூனில் எஸ்.எஃப்.ஐ. என்னும் சுவீடிய மொழி வகுப்புக்குப் பெயர் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஆங்கிலமே போதும் என்று வேலையிடத்தில் சொல்வார்கள். அதை நம்பி ஆண்டுகளைக் கடத்திவிட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

2010இல், 23 வயதில், அவர் ஹால்ம்ஸ்டாட் கொம்மூனின் முழுநேர அரசியல் பொறுப்பாளர்களில் ஒருவரானார். இந்தப் படியைப் பலர் சிறிதாக எண்ணுகிறார்கள். ஆனால் பாலர் பள்ளி, பள்ளி, மொழி வகுப்பு, முதியோர் பராமரிப்பு, சமூக உதவி என ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதி கொம்மூனின் கையில்தான் இருக்கிறது. பெரும்பாலோரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் வருமான வரியும் கொம்மூனுக்கும் பிராந்தியத்துக்குமே செல்கிறது; நாட்டின் அரசுக்குரிய வருமான வரி, சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே.

2014இல் ஸ்டெஃபான் லோவேன் அமைத்த அரசில், 27 வயதில், மேல்நிலைப் பள்ளிக்கும் வயதுவந்தோர் கல்விக்கும் பொறுப்பான அமைச்சரானார். அதுவரை சுவீடனில் அவ்வளவு இளம் வயதில் எவரும் அமைச்சரானதில்லை. அவர் பதவியிலிருந்த காலத்தில்தான், 2016 ஜூலையில், எஸ்.எஃப்.ஐ. வகுப்பு கொம்வுக்ஸ் எனப்படும் வயதுவந்தோர் கல்வியின் ஒரு பகுதியாக்கப்பட்டது. மொழிப் படிப்பைத் தொழிற்கல்வியோடு இணைத்துக் கற்க அது வழிசெய்தது. தாதியர் உதவியாளர் போன்ற வேலைகளுக்குப் போக விரும்புவோர் தங்கள் கொம்மூனின் கல்வி ஆலோசகரிடம் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். கோப்பன்ஹேகனில் இரண்டு கிண்ணம் வைன் அருந்தியவர், சில மணி நேரம் கழித்து ஓரெசுண்ட் பாலத்தைக் கடந்து மால்மோவுக்குக் காரோட்டி வந்தபோது, காவல்துறைச் சோதனையில் இரத்தத்தில் மதுவின் அளவு ஆயிரத்துக்கு 0.2 எனப் பதிவானது. சுவீடனில் குற்றம் தொடங்கும் எல்லையே அதுதான். செய்தி வெளியாகும்வரை காத்திராமல் தாமே செய்தியாளர்களை அழைத்துத் தம் தவற்றை ஒப்புக்கொண்டார்; அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நேற்றிரவு அருந்தியது காலையிலும் இரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால், விருந்துக்கு மறுநாள் காலையிலும் சாவியைத் தொட வேண்டாம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமங்கள் குடிப்பதிவு செய்ததிலிருந்து ஓராண்டு வரையே இங்கு செல்லும், அதற்குப் பிறகு ஓட்ட சுவீடிய எழுத்துத் தேர்விலும் ஓட்டுத் தேர்விலும் தேறியாக வேண்டும்.

அவருடைய பொதுவாழ்வு அத்துடன் முடிந்துவிடவில்லை. ஸ்டாக்ஹோம் பிராந்திய அரசியலுக்கு வந்து, எதிரணியில் பணியாற்றி, 2022 தேர்தலுக்குப் பின் அந்தப் பிராந்திய நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மருத்துவமனைகளும் ஊர்ப் பேருந்துகளும் பிராந்தியத்தின் பொறுப்பு. உடல்நலக் கேள்விகளுக்கு 1177, உயிராபத்துக்கு 112 ஆகிய இரண்டு எண்களையும் இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். ஆனால் 18 வயது நிறைந்து, தேர்தல் நாளுக்கு முன் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இங்கு குடிப்பதிவில் இருந்தால், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் கொம்மூன், பிராந்தியத் தேர்தல்களில் வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று, மூன்று தேர்தல்களும் ஒன்றாக நடைபெறும். வாக்காளர் அட்டை குடிப்பதிவில் உள்ள முகவரிக்குத் தானாகவே வரும். ஆகவே வீடு மாறினால் ஒரு வாரத்துக்குள் வரி அலுவலகத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள்.