டச்டவுன் கிளப் மீட்டிங்குக்கு வாராவாரம் பேச ஆள் (ஸ்பீக்கர்) பிடிக்கிறது எப்படி? (புதுசா பொறுப்பு எடுத்தவங்களுக்கு)

அமெரிக்காவுல தெற்குப் பக்கம் குடி வந்த நம்மாளுங்க நிறைய பேருக்கு முதல் வருஷம் ஒண்ணும் புரியாது, சனிக்கிழமை ஆனா ஊரே ஒரே கலர் சட்டைல திரியும், என்னடா திருவிழாவான்னு பாத்தா காலேஜ் ஃபுட்பால். கால்ல உதைக்கிற பந்து இல்லீங்க, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கிற பந்து. இதுக்குன்னு ஊருக்கு ஊர் ரசிகர் கிளப் இருக்கு, பேரு டச்டவுன் கிளப்புன்னோ குவார்ட்டர்பேக் கிளப்புன்னோ இருக்கும். சீசன்ல வாரம் ஒரு நாள் மதியம் கூடி சாப்பிட்டுட்டு ஒருத்தர் பேசுறத கேட்டுட்டு ஆபீஸ் திரும்புவாங்க. நான் அலபாமாவுல வேலைக்கு சேர்ந்தப்ப பக்கத்து சீட் ஆளு இழுத்துட்டு போனாரு, மூணாவது வருஷம் "நீதான் எல்லார்கிட்டயும் நல்லா பேசுறியே"ன்னு ஸ்பீக்கர் பிடிக்கிற வேலைய என் தலைல கட்டிட்டாங்க. அப்ப எனக்கு யாரும் சொல்லித் தராததத்தான் இங்க வரிசையா எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. ஹெட் கோச்ச கூட்டிட்டு வந்தாதான் கெத்துன்னு நெனச்சுட்டு ரெண்டு மாசம் அவர் ஆபீஸுக்கு போன் போட்டுட்டே இருக்காதீங்க. பெரிய ஆளு வந்தா மைக்க பிடிச்சு "பசங்க நல்லா உழைக்கிறாங்க, ஒவ்வொரு மேட்ச்சா பாக்குறோம்"னு சொல்லிட்டு கை குலுக்கிட்டு போயிருவாரு. லைட் படாத எடத்துல இருந்த ஆளுங்கதான் கதை வெச்சுருப்பாங்க.

ஸ்டெப் 1: காலண்டர பின்னாடிலருந்து போடுங்க

ரெகுலர் சீசன் 12 மேட்ச், ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சு நவம்பர் தேங்க்ஸ்கிவிங் வார கடைசில முடியும், டிசம்பர் முதல் சனிக்கிழமை கான்ஃபரன்ஸ் (பல காலேஜ் சேர்ந்த லீக்) ஃபைனல். உங்க மீட்டிங் திங்கள்கிழமைன்னா சுமார் 14, 15 மீட்டிங் வரும், அதுல செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே லீவு, அத அடிச்சுருங்க. ஏன் பின்னாடிலருந்து போட சொல்றேன்னா, கடைசி மூணு வாரம்தான் கூட்டம் அள்ளும். எங்க ஊர்ல அலபாமா-ஆபர்ன் மேட்ச் (ஐயர்ன் பவுல்) தேங்க்ஸ்கிவிங் வாரம்தான் வரும், அதுக்கு முந்தின திங்களுக்கு நல்ல ஆள முதல்லயே உக்கார வெச்சுரணும். அதே மாதிரி கான்ஃபரன்ஸ் ஃபைனல் முடிஞ்ச மறுநாள் ஞாயிறு பிளேஆஃப் (தேசிய சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற நாக்-அவுட்) லிஸ்ட் வரும், 2024லருந்து 12 டீம் ஆக்கிட்டாங்கல்ல, அதனால அதுக்கு அடுத்த திங்கள் எவன் உள்ள எவன் வெளியன்னு அடிச்சுக்குவாங்க, அன்னிக்கு அத பேசத் தெரிஞ்ச பத்திரிக்கைக்காரர் வேணும்.

புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, நானும் பண்ணேன். டீமுக்கு மேட்ச் இல்லாத வாரம் கோச்சுங்க சும்மாதான இருப்பாங்கன்னு அந்த வாரத்துக்கு கூப்பிடுறது. சும்மா எங்க இருக்காங்க, அந்த வாரம்தான் அவங்க ஸ்கூல் பசங்க ஆடுறத பாக்க ஊர் ஊரா கிளம்பிப் போவாங்க. டிசம்பர் முதல் வாரமும் அப்படித்தான், இந்த காலேஜுக்குத்தான் ஆட வர்றேன்னு ஸ்கூல் பசங்க கையெழுத்து போடுற புதன்கிழமை அதுல வரும், எந்த கோச்சும் போன் எடுக்க மாட்டாரு. கோச்ச கூப்பிட ஆசைன்னா சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஜூன், ஜூலைல கேளுங்க.

இன்னொண்ணு, நவம்பர் ஸ்பீக்கர் பேர அட்டைல பிரிண்ட் போட்டுராதீங்க. தோத்துட்டே இருந்தா கோச்ச சீசன் நடுவுலயே வீட்டுக்கு அனுப்பிடுற ஊரு இது.

ஸ்டெப் 2: யார கூப்பிடலாம்

என் லிஸ்ட்ல முதல்ல வர்றவங்க பழைய ஆஃபென்சிவ் லைன் ஆளுங்க, அதாவது முன் வரிசைல நின்னு எதிராளிய தடுக்கிறவங்க. பந்த தூக்கிட்டு ஓடினதே இல்ல, டிவில மூஞ்சி வந்ததில்ல, ஆனா ஆட்டம் எப்படி ஓடுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஒரு தடவ ரிட்டையர் ஆன லைன் கோச் ஒருத்தர் வந்தாரு, ஸ்லைடு எதுவும் கிடையாது, நேரா முன் டேபிளுக்கு போய் அங்க இருந்த உப்பு டப்பா, மிளகு டப்பா, கெட்சப் பாட்டில எடுத்து அடுக்கினாரு. உப்பு கார்டு, மிளகு டேக்கிள் (ரெண்டுமே அந்த தடுக்கிற வரிசை ஆளுங்க), ரெண்டும் இடது பக்கம் நிக்குது, கெட்சப் எதிர் டீமோட எண்ட், அதாவது அவங்க முன் வரிசையோட ஓர ஆளு, வலது ஓரத்துல. "பந்து இடது பக்கம் போறமாதிரி ரன்னிங் பேக் (பந்தோட ஓடுறவன்) ஒரு அடி வைப்பான், எல்லாரும் அந்தப் பக்கம் சாய்வாங்க, அப்ப உப்பு பின்னால ஓடி வந்து கெட்சப்ப வெளிய தள்ளும், மிளகு அந்த சந்துல நுழைஞ்சு லைன்பேக்கர (எதிர் டீம் முன் வரிசைக்குப் பின்னாடி நிக்கிறவன) பிடிக்கும்"னு சொல்லிட்டே விரல் நுனியால தள்ளுறாரு. விரல் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் கோணிருக்கு, எத்தன தடவ ஒடிஞ்சுதோ. கவுன்ட்டர்னு சொல்லுவாங்களே, அந்த பிளே அன்னிக்குத்தான் எனக்கு புரிஞ்சது, அதுவரைக்கும் அஞ்சு வருஷமா தலையாட்டிட்டு இருந்தேன். பின்னாடி டேபிள்காரங்க எல்லாம் சேர்லருந்து எழுந்து வந்து சுத்தி நின்னு பாத்தாங்க.

அடுத்து ரெஃப்ரிங்க. மைதானத்துல எல்லாரும் திட்டுற ஆள நேர்ல பாத்தா ஹால்ல ஒருத்தன் கூட சாப்பிட்டுட்டு ஓட மாட்டான். சர்வீஸ்ல இருக்கறவங்கள கூப்பிடணும்னா கான்ஃபரன்ஸ்ல கேக்கணும், நடந்த மேட்ச் பத்தி வாய தொறக்கவும் மாட்டாங்க, அதனால ரிட்டையர் ஆனவர பிடிங்க. டார்கெட்டிங் (எதிராளி தலைய குறி வெச்சு, இல்ல ஹெல்மெட் உச்சியால முட்டுறது) பண்ணா வெளிய அனுப்புற ரூல் 2013ல வந்ததுலருந்து இன்னிக்கு வரைக்கும் சண்ட ஓயல, அத மட்டும் எடுத்துக் குடுத்தா அரை மணி நேரம் போயிரும். 2023லருந்து ஃபர்ஸ்ட் டவுனுக்கு (பத்து கெஜம் முன்னேறி புது வாய்ப்பு வாங்குறது) கடிகாரம் நிக்காம ஓடுதே (ஒவ்வொரு பாதியோட கடைசி ரெண்டு நிமிஷம் தவிர), 2024ல குவார்ட்டர்பேக் (பந்த எறியுற ஆளு) ஹெல்மெட்டுக்குள்ள கோச் பேசுறத கேக்க ரேடியோ வந்துச்சே, இதெல்லாம் கூட கேக்கலாம்.

ரேடியோ வர்ணனையாளர், பத்திரிக்கைக்காரர், ஹெல்மெட் ஷூ பாத்துக்கிற எக்விப்மென்ட் மேனேஜர், பேண்ட் டைரக்டர், கிரவுண்டு புல்லு பாத்துக்கிறவரு, எல்லாரும் நல்லா பேசுவாங்க. பத்திரிக்கைக்காரர திங்கள் மதியம் கூப்பிடுறதுக்கு முன்னாடி கோச்சோட பிரஸ் மீட் எப்போன்னு பாத்துக்குங்க, நிறைய காலேஜ்ல அதுவும் திங்கள் மதியம்தான்.

எங்க கிளப் மாதிரி ரெண்டு டீம் ரசிகர்களும் ஒரே ஹால்ல உக்காந்தா இந்த வாரம் அந்தப் பக்கம், அடுத்த வாரம் இந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி போடணும், இல்லன்னா கணக்கு எழுதி வெச்சு கேப்பாங்க. 2013 ஐயர்ன் பவுல்ல அலபாமா மிஸ் பண்ண ஃபீல்டு கோல (கம்பத்துக்கு நடுவுல உதைக்கிற பந்த) பிடிச்சு கிறிஸ் டேவிஸ் அந்த முனைலருந்து இந்த முனை வரைக்கும் ஓடி ஆபர்ன் 34-28னு ஜெயிச்சது ஞாபகம் இருக்குல்ல, அந்த பேச்சு வந்தா இன்னிக்கும் பாதி ஹால் கை தட்டும், பாதி ஹால் சாப்பாட்டுத் தட்ட பாத்து குனியும்.

ஸ்டெப் 3: கூப்பிடுற மெயில்

சுருக்கமா எழுதுங்க, பத்து வரி தாண்டக் கூடாது. எந்த தேதி, எங்க, எத்தன பேர் வருவாங்க, எவ்ளோ நேரம் பேசணும், கேள்வி உண்டா, பத்திரிக்கைக்காரங்க இருப்பாங்களா, ரெக்கார்ட் பண்ணுவோமா, பணம் தருவோமா. கடைசி மூணும்தான் முக்கியம், எல்லாரும் அததான் எழுதாம விடுறாங்க. ஹால்ல சிரிப்புக்கு சொன்ன ஒரு வார்த்தை சாயங்காலம் நியூஸ்ல வந்துருச்சுன்னா அந்த ஆளு திரும்ப வரமாட்டாரு, அவரோட ஃபிரெண்டும் வரமாட்டாரு. ரெண்டு தேதி குடுத்து எது வசதின்னு கேளுங்க, "எப்ப முடியும்"னு பொதுவா கேட்டா பதிலே வராது.

ஸ்டெப் 4: ரூலும் பணமும்

இது போர் அடிக்கும், ஆனா ஸ்கிப் பண்ணாதீங்க. என்சிஏஏ (காலேஜ் ஸ்போர்ட்ஸுக்கு ரூல் போடுற அமைப்பு) கணக்குல காலேஜ் டீம வளக்கிறதுக்குன்னு இருக்கிற கிளப்ல மெம்பரா இருந்தாலே நீங்க பூஸ்டர், ஒரு தடவ பூஸ்டர் ஆனா ஆயுசுக்கும் பூஸ்டர். பூஸ்டர் ஸ்கூல் பிளேயர இழுக்குற வேலைல தலையிடக் கூடாது. ஸ்கூல் பிளேயர்னா யாரு? ஒன்பதாம் கிளாஸ் ஆரம்பிச்ச எந்தப் பையனும் அந்த கணக்குல வந்துருவான். எனக்கு இது எப்படி தெரிஞ்சதுன்னா, ஒரு பழைய பிளேயர் பேச வரும்போது பத்தாவது படிக்கிற பையனையும் கூட்டிட்டு வந்துட்டாரு, பையன் ஆறடி, ஸ்கூல் டீம்ல ஆடுறான், எங்க மெம்பர் ஒருத்தர் சும்மா இல்லாம "நம்ம காலேஜுக்கு வந்துருப்பா"ன்னு தோள்ல தட்டிட்டாரு. எனக்கு உயிரே போயிருச்சு. அதுலருந்து கூட யாராவது வர்றாங்களான்னு முன்னாடியே கேட்டுருவேன், சந்தேகம்னா காலேஜோட கம்ப்ளையன்ஸ் ஆபீஸுக்கு (ரூல் மீறாம பாத்துக்கிறவங்க) ஒரு மெயில், அதுக்குத்தான் அவங்க இருக்காங்க.

இப்ப ஆடிட்டு இருக்கிற பிளேயர கூப்பிடலாமா? 2021 ஜூலை 1லருந்து பிளேயருங்க தங்களோட பேர், முகத்த வெச்சு சம்பாதிக்கலாம், இப்படி ஒரு எடத்துக்கு வந்து பேசுறதுக்கும் பணம் வாங்கலாம், ஆனா 600 டாலரும் அதுக்கு மேலயும் போற டீல டிவிஷன் 1 (பெரிய காலேஜுங்க ஆடுற பிரிவு) பிளேயருங்க என்ஐஎல் கோங்கிற சிஸ்டத்துல பதியணும்னு 2025ல கொண்டு வந்துட்டாங்க. அதனால கவர்ல பணத்த வெச்சு கைல திணிக்கிற வேலையே வேணாம், மொதல்ல கம்ப்ளையன்ஸ், அப்புறம்தான் மத்தது.

மத்த ஸ்பீக்கருங்க, அதுவும் உள்ளூர்க்காரங்க, பாதி பேர் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்குமே வந்துருவாங்க. பெட்ரோலுக்கு வருமான வரி ஆபீஸ் சொல்ற மைல் ரேட்ட வெச்சுக்குங்க, 2025ல மைலுக்கு 70 சென்ட்டா இருந்தது. பேச்சுக்குன்னு தனியா பணம் குடுத்தா டபிள்யூ-9 ஃபாரம் (அவரோட பேரும் வரி நம்பரும் இருக்கிறது) முன்னாடியே வாங்கி வைங்க, ஒரு வருஷத்துல 600 டாலர் ஆனா 1099 (இவ்ளோ குடுத்தோம்னு வரி ஆபீஸுக்கு சொல்ற ஃபாரம்) அனுப்பணும்னு இருந்தது, 2026லருந்து அத 2,000 டாலர் ஆக்கிட்டாங்க. ஜனவரில போன் பண்ணி ஃபாரம் கேட்டா யாரும் எடுக்க மாட்டாங்க, அனுபவம்.

ஸ்டெப் 5: அன்னிக்கு

முந்தின நாள் போன் பண்ணுங்க, மெசேஜ் இல்ல, போன். எந்த கதவு, எங்க பார்க்கிங்னு சொல்லுங்க. மைக் பேட்டரி புதுசு போடுங்க.

நேரம் இப்படி ஓட்டுவோம்: 11:30க்கு சாப்பாடு, 12:10க்கு கிளப் சமாச்சாரம் அஞ்சு நிமிஷம், 12:15க்கு அறிமுகம், 20 நிமிஷம் பேச்சு, 15 நிமிஷம் கேள்வி, 12:55க்கு முடிச்சுரணும். ஒரு மணிக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கறவன் நகர ஆரம்பிச்சா பின்னாடியே பத்து பேர் நகருவாங்க, பேசுறவர் மூஞ்சி வாடிரும். ஒரு தடவ ஒருத்தர் 50 நிமிஷம் பேசினாரு, முடிக்கும்போது நானும் பிளேட் எடுக்கிற பொண்ணும்தான் இருந்தோம். இப்ப பின் வரிசைல நான் உக்காந்துக்குவேன், தொப்பிய கழட்டுனா அஞ்சு நிமிஷம் பாக்கின்னு முன்னாடியே பேசி வெச்சுக்குவோம்.

அறிமுகம் ஒரு நிமிஷம் போதும். என் முதல் அறிமுகத்த இன்னும் நெனச்சா கூசுது, நெட்லருந்து எடுத்து நாலு நிமிஷம் வாசிச்சேன், அதுல "அந்த பவுல் மேட்ச்ல இவர் ஆடின ஆட்டம் மறக்க முடியாது"ன்னு வேற சேத்துட்டேன். அவரு மைக்க வாங்கி, "தம்பி, அந்த மேட்ச் அன்னிக்கு நான் கால் ஒடிஞ்சு வீட்ல படுத்துருந்தேன்"னாரு. ஹாலே சிரிச்சுது. அதுலருந்து எழுதினத அவருக்கே அனுப்பி சரி பாத்துருவேன், பேர எப்படி உச்சரிக்கணும்னும் கேட்டுருவேன். நம்ம பேர இங்க படுத்துற பாடு தெரியும்ல, அத நாம அடுத்தவங்களுக்கு பண்ணக் கூடாது.

கேள்வி நேரம்தான் உண்மையான சாப்பாடு. பேச்சு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், கேள்விக்குத்தான் மனுஷன் வெளிய வருவாரு. முதல் கேள்விக்கு யாரும் கை தூக்க மாட்டாங்க, அதனால ஒரு மெம்பர்கிட்ட ஒரு கேள்விய முன்னாடியே குடுத்து வைங்க. "இந்த வருஷம் ஜெயிப்போமா"ன்னு கேட்டா ஒரு வார்த்தைல முடிஞ்சுரும், "தோத்த மேட்ச்சுக்கு அப்புறம் பஸ்ல என்ன பேசுவீங்க"ன்னு கேட்டா கதை வரும். கேள்விங்கிற பேர்ல தன் கருத்த பத்து நிமிஷம் ஓட்டுற பெரியவர் எல்லா கிளப்லயும் ஒருத்தர் உண்டு, மைக்க அவர் கைல குடுக்காதீங்க, நீங்களே பிடிச்சு நில்லுங்க, அவ்ளோதான் டெக்னிக்.

ஸ்டெப் 6: முடிஞ்சப்புறம்

ரெண்டு நாளைக்குள்ள கையால எழுதின ஒரு நன்றி கார்டு, ஹால்ல எல்லாரும் சிரிச்ச அந்த கதைய பேர் சொல்லி ஒரு வரி. அதுக்கும் முன்னாடி, ஸ்பீக்கர மேடையோட விட்டுராம கார் வரைக்கும் கூட நடங்க. டென்ஷன் எறங்கி நிக்கிற அந்த நேரத்துல "அடுத்து நான் யார கூப்பிடலாம் சார்"னு கேளுங்க. எனக்கு ரிட்டையர் ஆன ரெஃப்ரி நம்பர் கிடைச்சது, உப்பு டப்பா கோச் தன் டிரக்குல சாஞ்சு நின்னு, அந்த கோண விரலால போன்ல ஒவ்வொரு எழுத்தா தட்டி தேடி எடுத்து குடுத்தப்பதான்.