‘நானும் இங்கேதான் கிடந்தேன்’: தெருவோர இளைஞர்களிடம் போகும் சக களப்பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை சென்ட்ரல், வால்டாக்ஸ் சாலை, பாரிமுனை, எழும்பூர், கோயம்பேடு. இரவு 10 மணிக்கு மேல் இந்தப் பக்கம் நடைபாதையில் படுத்திருப்பவர்களில் 18 வயதிலிருந்து 25 வயதுக்குள் இருக்கும் இளைஞர்களையும் பார்க்கலாம். அவர்களைத் தேடிப் போய்ப் பேச, அதே நடைபாதையில் வாழ்ந்த இன்னொரு இளைஞரைச் ‘சக களப்பணியாளர்’ என்று அனுப்புவது நல்ல முறை. ஃபைலோடு வருகிறவரைப் பார்த்தால் எழுந்து நகர்ந்துவிடும் பையன், “நானும் இங்கேதான் கிடந்தேன் தம்பி” என்று சொல்பவரிடம் ரெண்டு நிமிஷம் நின்று பேசுவான். அந்த ரெண்டு நிமிஷ நம்பிக்கைதான் இந்த வேலைக்கு மூலதனம். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த மூலதனத்தை அவசரப்பட்டுச் செலவழிப்பதால் வருபவை.

அதில் முதலாவது, சொந்தக் கதையையே வழியாகக் காட்டுவது. “நான் குடியை விட்டேன், வேலைக்குப் போனேன், ரூம் எடுத்தேன். உன்னால ஏன் முடியாது?” என்று சொல்பவருக்கு அது ஊக்கம் தரும் பேச்சாகத் தெரியும். கேட்கிறவனுக்கு அது குற்றச்சாட்டு. ஒருவருக்கு அம்மா வழியில் ஒரு சித்தி இருந்திருப்பார், இன்னொருவருக்கு யாருமே இல்லை. ஒருவர் வீட்டுச் சண்டையில் ஊரைவிட்டு வந்தவர், இன்னொருவர் பிறந்ததே அந்த நடைபாதையில். இதைச் சென்னையில் மறக்கவே கூடாது. வடசென்னை நடைபாதைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பமாகவே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளியில் படித்து, பக்கத்துக் கடைகளில் வேலை பார்த்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர்களிடம் போய் “வீட்டுக்குத் திரும்பிப் போறியா?” என்று கேட்டால் அடுத்த பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், அதற்குக் கூரையும் கதவும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

தன் அனுபவத்தைச் சொல்லவே வேண்டாம் என்பதில்லை. கேட்டால் சொல்லலாம், சுருக்கமாக. சொன்ன பிறகு பேச்சு மறுபடியும் எதிரில் இருப்பவரிடம் போய்விட வேண்டும்.

நேரம் தெரியாமல் போவது

இரவு ஒன்பதரைக்குக் கிளம்பி பதினொன்றரைக்குத் திரும்பும் குழுக்கள், தெருவில் இளைஞர்கள் குறைவு என்று எழுதிவைக்கும். கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவர் இரவெல்லாம் விழித்திருப்பார், லாரி வரும் நேரம் அது. அவர் படுப்பது காலையில், நிழல் கிடைக்கும் இடத்தில். அவரிடம் பேச நல்ல நேரம் வேலை முடிந்து டீ குடிக்கும் பொழுதுதான்.

கேட்டரிங் போகிறவர்களின் கணக்கு வேறு. முகூர்த்த நாட்களில் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அன்று அவர்களுக்கு மூன்று வேளை சாப்பாடும் கூலியும் உண்டு, இரவு மண்டபத்திலேயே படுக்கையும் உண்டு. ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாணம் கிடையாது, வேன் வராது. கையில் காசு தீர்ந்து, கடன் ஏறி, போதைப் பக்கம் சாய்வது இந்த மாதங்களில்தான் அதிகம். களப்பணித் திட்டம் போடுகிறவர்கள் நிதியாண்டைப் பார்க்கிறார்கள், பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டும். ஆனியிலேயே பேசிப் பழகி வைத்திருந்தால் ஆடியில் அந்தப் பையன் தேடி வருவான்.

இளம் பெண்கள் கண்ணில் படவில்லை என்பதும் இதே வகைத் தவறு. இரவில் அவர்கள் அம்மாவுக்கும் பாட்டிக்கும் நடுவில் போர்த்திப் படுத்திருப்பார்கள், அல்லது பாதுகாப்பு தேடி ஸ்டேஷன் வெளிச்சத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஓர் ஆண் போய் எழுப்பிப் பேசுவது அவர்களுக்கு ஆபத்தையே கூட்டும். காலையில், கட்டணக் கழிப்பிடத்தின் வாசலில் வரிசையில் நிற்கும்போது, பெண் களப்பணியாளர் ஒருவர் பேச வேண்டும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கையரிடம் இன்னொரு திருநங்கை போவது நல்லது. இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, ஆனாலும் ஆள் பற்றாக்குறை என்று சொல்லி எல்லாத் தெருவுக்கும் ஒரே ஆளை அனுப்பும் வழக்கம் போகவில்லை.

நோட்டும் போட்டோவும்

முதல் சந்திப்பிலேயே பெயர், ஊர், அப்பா பெயர், ஆதார் எண் கேட்டு எழுதுவது வேண்டாம். தமிழ்நாட்டில் 1945 முதல் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன கதைகள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெயர் எழுதுகிறவர் யார் பக்கம் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. அதே காரணத்துக்காக, ஆட்களை அகற்ற வரும் வண்டியில் களப்பணியாளர் ஏறி வரவே கூடாது. ஒரு முறை அந்த வண்டியில் பார்த்துவிட்டால் பல மாதப் பழக்கம் அன்றே முடிந்தது. பெருமழையில் மாநகராட்சி ஆட்களை முகாமுக்கு மாற்றும்போது உதவப் போவது வேறு விஷயம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தூங்குபவரைப் படம் எடுப்பது எந்த நிலையிலும் தவறு. போர்வை கொடுத்துப் படம் எடுப்பதும் அப்படித்தான். போர்வையைப் பற்றி இன்னொன்று: பகலில் அதை வைக்க அவர்களுக்கு அலமாரி கிடையாது. விடிந்ததும் சுருட்டிக் கடை ஷட்டர் ஓரம் வைத்தால் குப்பை வண்டியில் போய்விடும். சென்ட்ரல் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் சில நாட்களில் பஞ்சமில்லை. களப்பணியாளர் பொட்டலம் கொடுக்கும் ஆளாக ஆகிவிட்டால் வரிசை நிற்கும், பேச்சு நடக்காது. என்ன தேவை என்று கேட்டால் பெரும்பாலும் சின்னதாகச் சொல்வார்கள்: செல்போன் சார்ஜ் போட ஓர் இடம், பையைப் பத்திரமாக வைக்க ஓர் இடம், குளிக்க ஓர் இடம்.

காப்பகம்தான் ஒரே பதில் என்பது

உச்ச நீதிமன்றம் 2010-லிருந்து பிறப்பித்த உத்தரவுகளின்படி, நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும், இருக்க வேண்டும். சென்னையில் ஆண்கள், பெண்கள், மனநலம் பாதித்தவர்கள், மருத்துவமனையில் நோயாளிகளின் உடன் இருப்பவர்கள் எனத் தனித்தனிக் காப்பகங்கள் மாநகராட்சியின் கீழ் இயங்குகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் கணவன் ஒரு காப்பகம், மனைவி ஒரு காப்பகம் என்றால் இளம் தம்பதி போக மாட்டார்கள். இரவு வேலை செய்பவருக்குக் கதவடைக்கும் நேரம் ஒத்துவராது. “இடம் இருக்கு, வர மாட்டேங்கிறான்” என்று அறிக்கையில் எழுதும் முன், ஏன் வரவில்லை என்பதை அவர் வாயால் கேட்டு அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதும் இதனோடு சேர்ந்ததே. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓபி சீட்டு கவுன்டரில் முதல் கேள்வியே “அட்ரஸ் என்ன?” அவர் சொல்லத் தயங்குவார், பின்னால் நிற்பவர் ‘சீக்கிரம் நகருப்பா’ என்பார். அப்புறம் சளிப் பரிசோதனைக்கு ஒரு கட்டடம், எக்ஸ்ரேக்கு இன்னொரு கட்டடம், முடிவுக்கு மறுநாள். மறுநாள் வந்தால் அன்றைய கூலி போகும். தனியாகப் போனவர் கவுன்டரிலிருந்தே திரும்பிவிடுவார். கூடப் போக வேண்டும், அங்கே பேச வேண்டியதை அவர் சார்பில் பேச வேண்டும். காசநோய் என்று உறுதியானால் மருந்து இலவசம், குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். சத்துணவுக்காக 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. அது வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்கு இல்லாதவருக்கு அது வெறும் செய்தி. ஆகவே மருந்துச் சீட்டோடு கணக்கு தொடங்கும் வேலையும் ஆரம்பிக்க வேண்டும்.

அதே மாதிரி, முகவரி இல்லாததால் ஓட்டு இல்லை என்று பலர் நம்புகிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல், தாம் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியே வந்தவர்களுக்கு 21 வரை, தேவைப்பட்டால் 23 வரை, பின்தொடர் பராமரிப்பு உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். இல்லத்தை விட்டுத் தெருவுக்கு வந்த பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்”

இந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். பார்க்க இருபது மாதிரி இருப்பவருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தால் அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாவது துரோகம். முதலிலேயே சொல்லிவிடலாம்: “நீ சொல்றதை ஊர்ல பேச மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, உனக்குப் பதினெட்டு வயசு ஆகாம இருக்கும்போது யாராவது உன்னைத் தொந்தரவு செஞ்சாலோ, என் மேலாளர்கிட்ட சொல்லணும். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” சாகணும் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாமல் நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போதை விஷயத்தில் கட்டாயம் வேலை செய்யாது. பங்க்சர் சொல்யூஷன் முகர்பவரைப் பிடித்து, பதிவு பெறாத மையத்தில் பூட்டிவைக்கக் குடும்பத்துக்கு உதவுவது களப்பணி ஆகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநல நிலையங்கள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், போதை மீட்பு மையங்களுக்கும் இது பொருந்தும். மனநலம் குன்றித் தெருவில் அலைபவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. போலீஸ் நிலையத்தில் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லக் களப்பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவனங்கள் செய்வது

இதுவரை சொன்னதைவிட எனக்கு அதிகம் வருத்தம் தருவது இந்தப் பகுதி. தெருவில் வாழ்ந்தவர் என்பதால்தான் அவரை வேலைக்கு எடுக்கிறோம், அதையே காரணம் காட்டிச் சம்பளத்தை ‘ஊக்கத்தொகை’ ஆக்குகிறோம். படித்து வந்தவருக்கு மாதச் சம்பளமும் பிஎஃபும், இவருக்கு பஸ் காசும் டீ காசும். இரவில் தனியாக அனுப்புகிறோம். அடையாள அட்டை இல்லாததால் ரோந்து போலீஸ் இவரையும் சேர்த்து விரட்டுகிறது. நன்கொடையாளர் வந்தால் மேடையேற்றி, அப்பா அடித்ததிலிருந்து கதையைச் சொல்ல வைக்கிறோம். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வருமா என்று யாரும் கேட்பதில்லை.

போதையை விட்டு மீண்டவரை, அவர் அதைப் பழகிய அதே சந்துக்கு அனுப்பும் முன் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் வேறு ஏரியா தர வேண்டும். இருவர் இருவராக அனுப்ப வேண்டும். வாரம் ஒரு முறையாவது, எண்ணிக்கை கேட்காமல், அவர் என்ன பார்த்தார், எது மனசை உறுத்துகிறது என்று உட்கார்ந்து கேட்கும் ஒருவர் வேண்டும். தெருவில் ஒரு மரணம் நடந்தால் அது அவருக்கு ‘கேஸ்’ மட்டும் இல்லை, கூடப் படுத்தவனின் சாவு.

பணம், படுக்கை, காதல் இந்த மூன்றிலும் எல்லை எங்கே என்பதை நிறுவனமே முதலில் பேசிவிட வேண்டும். பழைய நண்பன் நூறு ரூபாய் கேட்கும்போது “என்கிட்ட இல்லடா” என்று பொய் சொல்வதைவிட “ஆபீஸ்ல விட மாட்டாங்கடா” என்று உண்மையாகவே சொல்ல முடிவது அவருக்குப் பெரிய பாதுகாப்பு. அவசரத்துக்குக் கொடுக்க நிறுவனத்திடம் ஒரு சின்னத் தொகை தனியாக இருந்தால் இந்தத் தர்மசங்கடமே பாதி குறையும்.

வேலையை விட்டுப் போகும்போது சொல்லாமல் போவதும் தவறுதான். ஏற்கெனவே பலர் சொல்லாமல் விட்டுப்போன வாழ்க்கை அவர்களுடையது. திட்டம் மார்ச்சில் முடிகிறது என்றால் ஜனவரியிலேயே சொல்லிவிட வேண்டும். புதிதாக வருபவரைச் சில வாரம் கூடவே அழைத்துப் போக வேண்டும், யார் எந்த மருந்தில் இருக்கிறார், யாருடைய ஆதார் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவரவர் சம்மதத்தோடு அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.