கிரீம் பாஸ்தா திரியாமல் வர நான் மாற்றியது

ஒரே வாணலியில் கிரீம் பாஸ்தா செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரே தொல்லை. சீஸ் போட்டதும் அது கட்டி கட்டியாகத் திரண்டு, எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். கிரீமைக் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை.

தவறு சூட்டில்தான் இருந்தது. கொதிக்கிற சாஸில் சீஸைக் கொட்டினால் அதிலுள்ள புரதம் இறுகிச் சுருங்கி, கொழுப்பை வெளியே தள்ளிவிடும்.

இப்போது 200 கிராம் பாஸ்தாவை 600 மில்லி தண்ணீரில், உப்பைக் குறைத்துப் போட்டு (சீஸிலேயே உப்பு உண்டு), அடிக்கடி கிளறி வேகவிடுகிறேன். தண்ணீரை வடிப்பதே இல்லை. பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிரியாமல் பிடித்து வைக்கிறது. அதைக் கொட்டிவிட மனசே வராது.

தண்ணீர் நன்றாகச் சுண்டி, அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது 100 மில்லி கிரீம் சேர்த்து ஒரு கொதி. அப்புறம் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுகிறேன். சீஸைக் கட்டியாக வாங்கி நாமே துருவுவது நல்லது. துருவியே விற்பதில் ஒட்டாமலிருக்க மாவு மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள், வழவழப்பாக உருகாது.

ஆறினால் சாஸ் இறுகும். இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் மறுபடி தளர்ந்துவிடும்.