உட்கரு இல்லாதவை எல்லாம் புரோகேரியோட் அல்ல: செல்களையும் வைரஸையும் பிரித்தறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லிக்குப்பம் போன்ற கரும்புப் பகுதிகளில் பயிரைத் தாக்கக்கூடிய நோய்களுள் மூன்றை எடுத்துக்கொள்வோம். செவ்வழுகல் நோயை உண்டாக்குவது பூஞ்சை. அது யூகேரியோட்டிக் செல்களால், அதாவது சவ்வு சூழ்ந்த உட்கரு கொண்ட செல்களால் ஆனது. புல்தண்டு நோய்க்குக் காரணமான பைட்டோபிளாஸ்மா ஒரு வகை பாக்டீரியா, அதாவது அத்தகைய உட்கரு இல்லாத செல்லைக் கொண்ட புரோகேரியோட். தேமல் நோயை உண்டாக்கும் வைரஸோ செல்லே அல்ல. மூன்றையும் கிருமி என்று சொல்லிக் கடந்துவிடுவது அன்றாடப் பேச்சுக்குப் போதும். பதினொன்றாம் வகுப்பு விடைத்தாளுக்குப் போதாது.

விடைத்தாள்களில் அடிக்கடி நேரும் தவறு, வைரஸை மிகச் சிறிய புரோகேரியோட்டாக எண்ணுவது. உட்கரு இல்லை, ஆகவே புரோகேரியோட் என்னும் இந்தத் தர்க்கத்தை ஏற்றால், முதிர்ந்த நிலையில் உட்கருவை இழந்துவிடும் நம் இரத்தச் சிவப்பணுக்களையும் பாக்டீரியாவோடு சேர்க்க வேண்டிவரும். இல்லாததை வைத்து வகைப்படுத்துவதைவிட, இருப்பதையும் அது செய்யும் வேலையையும் பார்ப்பதே சரி. பாக்டீரியாவில் சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லையே தவிர, டி.என்.ஏ. உண்டு, செல் சவ்வு உண்டு, தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே உருவாக்கிக்கொள்ள ரைபோசோம்கள் உண்டு. அது வளர்ந்து இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. வைரஸிடம் இருப்பவை டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ., அதைச் சுற்றிய புரத உறை, சிலவற்றில் ஓம்புயிரி (வைரஸ் தொற்றும் உயிரி) செல்லின் சவ்விலிருந்து பெற்ற ஒரு வெளியுறை, இவ்வளவே. அது பிளவுறுவதில்லை, தான் நுழைந்த செல்லின் ரைபோசோம்களைக் கொண்டு பாகங்களைத் தனித்தனியே செய்வித்து, பின்னர் அவை ஒன்றுகூடிப் புதிய வைரஸ்கள் ஆகின்றன. ஆகவே வைரஸ் இருசமப்பிளவு முறையில் பெருகுகிறது என்று எழுதுவது அடிப்படையிலேயே பிழை.

செல் சுவரை அடையாளமாகக் கொள்வதிலும் கவனம் தேவை. பெரும்பாலான பாக்டீரியாக்களின் சுவரில் பெப்டிடோகிளைக்கான் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன பைட்டோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. இந்தக் குழப்பத்தில் ஆய்வாளர்களும் சிக்கியிருந்தார்கள் என்பது மாணவர்களுக்கு ஓர் ஆறுதல்: தத்துப்பூச்சிகளால் பரவும் இத்தகைய பயிர் நோய்கள் வெகுகாலம் வைரஸ் நோய்களாகவே கருதப்பட்டன. 1967-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நோயுற்ற மல்பெரி முதலிய செடிகளின் திசுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான், அங்கிருப்பவை சுவரற்ற நுண்செல்கள் எனத் தெரிந்தது.

அளவை மட்டும் நம்புவதும் ஆபத்து. புரோகேரியோட்டுகள் பொதுவாகச் சில மைக்ரோமீட்டர் அளவே என்பது உண்மைதான். ஆயினும் கரீபியன் பகுதியின் குவாதலூப் தீவில், நம் பிச்சாவரத்தில் இருப்பதைப் போன்ற அலையாத்திக் காட்டில், உதிர்ந்த இலைகளின்மீது காணப்பட்டு 2022-இல் விவரிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்னும் பாக்டீரியா சராசரியாக ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்கிறது. யூகேரியோட் என்றால் பலசெல் உயிரி என்பதும் இதே வகைப் பிழை. ஈஸ்ட் ஒருசெல் உயிரிதான்.

பாக்டீரியாவின் ரைபோசோம் கணக்கில் 50எஸ், 30எஸ் துணை அலகுகள் சேர்ந்து 80எஸ் ஆகும் என்று கூட்டிவிடாதீர்கள். எஸ் என்பது படிவு வேகத்தின் அலகு, எடை அல்ல, எனவே விடை 70எஸ்.

இந்த வேறுபாடுகள் மருந்துக் கடையிலும் முன்னிற்கின்றன. பென்சிலின் பாக்டீரியாவின் சுவர் உருவாவதைத் தடுக்கிறது. சுவரே இல்லாத வைரஸால் வந்த சளிக்கு அதை விழுங்கிப் பயனில்லை. புதுச்சேரி போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் எளிதில் தொற்றும் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையோ நம்மைப் போலவே யூகேரியோட். அதன் செல்லைத் தாக்கும் மருந்து நம் செல்லையும் தாக்கிவிடக்கூடும் என்பதால், அதன் சவ்வில் உள்ள எர்கோஸ்டீரால் போன்ற, நம்மிடம் இல்லாத பொருள்களையே மருந்துகள் பெரிதும் குறிவைக்கின்றன.